பொழுது சாய்ந்தால் பின்வாங்கு!

எட்டுப் பேர் புறப்பட்டார்கள்.

ஏழு வீரர்கள், ஒரு தலைவன். கையில் ஈட்டி, வில், வாள். எதிரே அரக்கர் கூட்டம்.

காலையில் சண்டை மூண்டது. அரக்கர் பக்கத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். வீரர்களுக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது. முன்னேறினார்கள். வயலைத் தாண்டினார்கள். ஆற்றில் இறங்கினார்கள். தலைவனும் கோட்டையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

பொழுது சாய்ந்தது.

இருட்டியதும் கதை மாறிவிட்டது! அரக்கர்களின் கை ஓங்கியது. தண்ணீரில் நின்ற வீரர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். விடிவதற்குள் தலைவனும் மாண்டான். ஆட்டம் முடிந்தது.

ஆம், ஆட்டம்தான். இது எந்த நாட்டிலும் நடந்த யுத்தம் அல்ல. வீட்டுக் கூடத்தில், கம்ப்யூட்டர் திரையில் நடந்த சண்டை. "வெஸ்நாத்" என்ற விளையாட்டைப் புதிதாக ஆடுகிறவர்கள் பலருக்கு முதல் ஆட்டம் இப்படித்தான் முடிகிறது.

தோற்றவர் என்ன சொல்கிறார்? "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்கிறார். அதிர்ஷ்டத்தின் மீது குற்றம் இல்லை. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று. எப்போது நிற்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவசரம் இல்லாத ஆட்டம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் படபடவென்று விசைகளைத் தட்டும் விளையாட்டுதான் நினைவுக்கு வரும். கண் இமைத்தால் போச்சு, கை தவறினால் போச்சு என்று ஆடுவார்கள். வெஸ்நாத் அந்த ரகம் அல்ல. இது முறை வைத்து ஆடும் ஆட்டம்.

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்துவார்; பிறகு மற்றவர் நகர்த்துவார். இங்கும் அப்படித்தான். ஒரு சிறு வித்தியாசம். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய். வெஸ்நாத்தில் ஒரு முறையில் தன் ஆட்கள் அத்தனை பேரையும் நகர்த்தலாம். எல்லாரையும் நகர்த்தி, சண்டையும் முடிந்த பிறகு எதிரியின் முறை.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகலாம். எதிரி காத்திருப்பான்! ஆட்டத்தை அப்படியே சேமித்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். ஒரே கம்ப்யூட்டரில் அண்ணனும் தங்கையும் மாறி மாறி உட்கார்ந்து எதிர் எதிராகவும் ஆடலாம்.

இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர் டேவிட் ஒயிட் என்பவர். தொடங்கிய ஆண்டு 2003. "மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ்", "வார்சாங்" என்று இரண்டு பழைய ஜப்பானிய ஆட்டங்கள் உண்டு. அவற்றின் சாயலில் இதை அவர் அமைத்தார். பிறகு பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் படம் வரைந்தார். ஒருவர் இசை அமைத்தார். ஒருவர் கதை எழுதினார். 2005-ல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. இன்றும் தொண்டர்கள்தான் அதை வளர்த்து வருகிறார்கள்.

கம்ப்யூட்டரில் இதை ஆட ஒரு காசும் கொடுக்கவேண்டாம். இலவசம்! ஆட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் ஒளிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எடுத்துப் பார்க்கலாம், மாற்றியும் எழுதலாம்.

"வெஸ்நாத்" என்பது ஒரு கற்பனை ராஜ்யம். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். காட்டில் வாழும் எல்ஃப் என்ற இனத்தார் இருக்கிறார்கள். அவர்கள் வில் வித்தையில் கெட்டிக்காரர்கள். ஆர்க் என்ற அரக்கர்கள் உண்டு. மலைக் குகையில் வாழும் குள்ளர்கள் உண்டு. சூனியக்காரர்கள் எழுப்பிவிட்ட எலும்புக்கூடுகளும் உண்டு. அவை கோடரி ஏந்திச் சண்டைக்கு வரும்!

மாண்டவர் மாண்டவரே

இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சண்டையோடு கதை முடிவதில்லை. ஒரு சண்டை, அடுத்த சண்டை, அதற்கு அடுத்தது என்று தொடர்கதை போலப் போகும். முதல் சண்டையில் பிழைத்தவர்களை அடுத்த சண்டைக்கு அழைத்துக்கொள்ளலாம். அவர்கள் முன்பு பெற்ற அனுபவமும் கூடவே வரும்.

மாண்டவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் போனவர்கள்தான்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆட்டமே பெயர் வைத்துவிடும். நாலு சண்டையில் கூடவே வந்தவன், காயம்பட்டுத் தப்பியவன், கடைசி நேரத்தில் தலைவனைக் காப்பாற்றியவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு சரித்திரம் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவன் ஐந்தாவது சண்டையில் வீணாகச் செத்தால், ஆடுகிறவருக்குச் சோறு இறங்காது. திரையில் உள்ள பொம்மைதான் என்று தெரியும். என்றாலும் மனசு கேட்காது.

மனசு கிடக்கட்டும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. புதிய ஈட்டிக்காரனைச் சேர்க்க 14 பொன் செலவு. பழைய ஆளைத் திரும்ப அழைக்க வழக்கமாக 20 பொன். "6 பொன் அதிகமாயிற்றே!" என்று புதியவர் யோசிக்கிறார். அந்தப் பழைய ஆள் இதற்குள் வாள் வீரனாகவோ, நீண்ட ஈட்டி ஏந்தும் வீரனாகவோ உயர்ந்திருப்பான். புதியவர்கள் இரண்டு பேர் செய்கிற வேலையை அவன் ஒருவனே செய்வான். அவனை இழந்தால் எத்தனை பொன் கொடுத்தாலும் அவன் கிடைக்கமாட்டான்.

ஆகவே இந்த ஆட்டத்தில் எதிரியை எத்தனை பேர் வீழ்த்தினோம் என்பது இரண்டாவது கணக்கு. நம் ஆட்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதுதான் முதல் கணக்கு.

பகல் யாருக்கு? இரவு யாருக்கு?

எட்டுப் பேர் ஏன் மாண்டார்கள்? பொழுது பார்க்காமல் போனார்கள். அதனால்தான் மாண்டார்கள்.

வெஸ்நாத்தில் ஒரு நாள் என்பது 6 முறை. விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் ஜாமம், இரண்டாம் ஜாமம். திரையின் ஓரத்தில் சிறு படம் ஒன்று இதைக் காட்டிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்காமல் ஆடுவது, காலண்டர் பார்க்காமல் விதைப்பது போல!

மனிதப் படைகளில் பெரும்பாலோர் பகல் வீரர்கள். காலையிலும் பிற்பகலிலும் அவர்கள் அடி நூற்றுக்கு 25 பங்கு கூடும். இரவில் 25 பங்கு குறையும். அரக்கர்களுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் இது தலைகீழ். இரவில் கூடும், பகலில் குறையும். எல்ஃப்களுக்கும் குள்ளர்களுக்கும் பெரும்பாலும் இரவும் பகலும் ஒன்றுதான். விடியலிலும் அந்தியிலும் இவர்களில் எவருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

25 பங்குதானே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் திடுக்கிடவேண்டியிருக்கும்.

மனித ஈட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் ஒரு முறை தாக்கினால் 3 குத்து. ஒரு குத்து பட்டால் எதிரிக்கு 7 புள்ளி சேதம். எதிரே ஓர் அரக்கன். அவன் வாளால் 2 வெட்டு வெட்டுவான். ஒரு வெட்டுக்கு 9 புள்ளி.

பகலில் என்ன ஆகும்? ஈட்டிக்காரனின் குத்து 9 ஆகிவிடும். அரக்கனின் வெட்டு 7 ஆகக் குறைந்துவிடும். எல்லா அடியும் பட்டால் அரக்கனுக்கு 27 புள்ளி சேதம். ஈட்டிக்காரனுக்கு 14 புள்ளிதான்.

அதே இரண்டு பேர் இரவில் மோதினால்? ஈட்டிக் குத்து 5. அரக்கனின் வெட்டு 11. இப்போது அரக்கனுக்கு 15 புள்ளி. ஈட்டிக்காரனுக்கு 22 புள்ளி!

ஆள் மாறவில்லை. ஆயுதம் மாறவில்லை. சூரியன் மட்டும் மறைந்தது. அவ்வளவுதான்!

இதைத் தெரிந்துகொண்டவர் என்ன செய்வார்? மனிதப் படையை நடத்துகிறவர் விடியலில் எதிரியின் பக்கம் போய்ச் சேருமாறு நடக்கத் தொடங்குவார். காலையிலும் பிற்பகலிலும் மோதுவார். அந்தி வந்ததும், எதிரியிடம் ஒரே ஒரு ஆள் அரை உயிரோடு நின்றாலும் சரி, ஆசைப்படமாட்டார். திரும்பிவிடுவார். ஊர்களிலும் மலையிலும் கோட்டையிலும் ஆட்களை நிறுத்தி இரவைக் கழிப்பார்.

புதியவருக்கு இதுதான் வருவதில்லை. பின்வாங்குவது வெட்கம் என்று நினைக்கிறார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது திரும்புவதா என்று ரோசப்படுகிறார். அந்த ரோசத்துக்கு விலை, நாலு ஈட்டிக்காரர்கள்!

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. கம்ப்யூட்டர் நடத்துகிற எதிரிக்குப் பொறுமை குறைவு. பெரும்பாலும் அது பொழுது பார்ப்பதில்லை. எதிரே ஆள் தெரிந்தால் பாய்ந்து வந்துவிடும். உச்சிப் பகலிலும் அரக்கர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து மாட்டிக்கொள்வார்கள். ஆகவே எதிரியைத் தேடிப் போகவேண்டும் என்பதே இல்லை. நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டால் போதும். பாதி வேலையை எதிரியே முடித்துக்கொடுப்பான்.

நிற்கிற இடம்

நல்ல இடம் என்றால் எது?

ஆட்டத்தின் நிலப்படம் தேனடையைப் போல இருக்கும். ஆறு பக்கம் கொண்ட கட்டங்கள். ஒரு கட்டம் வயல், ஒரு கட்டம் காடு, ஒரு கட்டம் மலை, ஒரு கட்டம் ஆறு. வீரன் எந்தக் கட்டத்தில் நிற்கிறானோ, அதைப் பொறுத்தே எதிரியின் அடி அவன் மேல் படும்.

ஈட்டிக்காரன் வெட்டவெளியில் நின்றால், எதிரி அடிக்கும் 100 அடியில் 60 அடி படும். ஊருக்குள், கோட்டைக்குள், அல்லது மலை மேல் நின்றால் 40 அடிதான் படும். ஆழமில்லாத ஆற்றிலோ சதுப்பு நிலத்திலோ நின்றால் 80 அடி படும்!

எதிரி நிற்கிற கட்டத்தையும் புதியவர் கவனிக்கவேண்டும். தான் நிற்கிற கட்டம் எது என்று மட்டும் பார்த்தால் போதாது. எல்ஃப் வீரனைக் காட்டில் நிறுத்தினால் அவனைத் தொடுவதே கஷ்டம். குதிரைவீரனைக் காட்டுக்குள் விட்டால் அவன் பாடு திண்டாட்டம். ஆற்றங்கரையில் மேட்டில் நின்றுகொண்டு, எதிரி தண்ணீரில் நின்று சண்டை போடும்படி செய்துவிட்டால் அது பாதி வெற்றி.

எட்டுப் பேர் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். தாங்களே தண்ணீரில் இறங்கினார்கள். அதுவும் அந்தியில்!

தனியே போகாதே

கட்டத்துக்கு ஆறு பக்கம் என்று கண்டோம். தனியாக முன்னே போய் நிற்கிற வீரனை ஆறு பேர் சூழ்ந்துகொள்ளலாம். எவ்வளவு பலசாலியானாலும் ஆறு பேர் அடித்தால் தாங்குவானா?

அவனையே வரிசையில் நிறுத்தினால்? இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். பின்னால் இரண்டு கட்டங்களும் நம் பக்கம். நேர் வரிசையாக இருந்தால் எதிரே இரண்டு பேர்தான் அவனைத் தாக்கமுடியும். ஆறு எங்கே, இரண்டு எங்கே!

வரிசை என்றால் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும் என்பதும் இல்லை. எதிரியை ஒட்டிய கட்டத்தில் கால் வைத்தால் அத்தோடு நடை நின்றுவிடும் என்று இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும், எதிரி அதில் புகுந்து ஒரே முறையில் பின்பக்கம் ஓடிவிடமுடியாது. முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவான். ஆள் குறைவாக இருக்கும்போது இந்த விதி கை கொடுக்கும். மூன்று பேரைக் கொண்டு ஒரு கணவாயையே அடைத்துவிடலாம்.

வரிசைக்குப் பின்னால் வைத்தியம் செய்கிறவர் நிற்கவேண்டும். எல்ஃப் இனத்தில் ஒரு மந்திரப் பெண் உண்டு. அவளை ஒட்டி நிற்கும் வீரர்களுக்கு ஒவ்வொரு முறையும் 4 புள்ளி உயிர் கூடும். மனிதர்களில் வெள்ளை மந்திரவாதி 8 புள்ளி கொடுப்பார். இவர்களைப் புதியவர் சண்டைக்கு முன்னால் அனுப்பிவிடுகிறார். அது, டாக்டரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுச் சிப்பாயை ஆஸ்பத்திரியில் உட்காரவைப்பது போல!

திருப்பி அடிக்க முடியாதவன்

வெஸ்நாத்தில் ஒருவனைத் தாக்கினால் அவன் சும்மா இருக்கமாட்டான். திருப்பி அடிப்பான். ஆனால் ஒரு நிபந்தனை. கைக்கு எட்டும் ஆயுதத்தால் தாக்கினால் அவனும் அதே மாதிரி ஆயுதத்தால்தான் திருப்பி அடிக்கலாம். தூரத்திலிருந்து அம்பு விட்டால், அவனிடமும் தூர ஆயுதம் இருக்கவேண்டும்.

அரக்கனிடம் இருப்பது வாள் மட்டும். வில் கிடையாது. அவன் மேல் எல்ஃப் வில்லாளி 4 அம்பு விட்டால், நாலையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்பான்!

இதற்கு எதிர்மாறான ஆளும் உண்டு. எலும்புக்கூடுகளை ஆட்டிவைக்கும் சூனியம் பயில்கிற சீடன். அவனுடைய மந்திரம் பொல்லாதது. ஆனால் பக்கத்தில் போய் வாளால் வெட்டினால் திருப்பி அடிக்க அவனிடம் ஆயுதம் இல்லை. அவனிடம் போய் அம்பு விடுகிற புதியவர்கள் இருக்கிறார்கள். வீண் வம்பு!

எந்த ஆயுதம் எவனிடம் பலிக்கும் என்பதும் முக்கியம். எலும்புக்கூட்டை ஈட்டியால் குத்தினால் என்ன ஆகும்? விலா எலும்புக்கு நடுவே புகுந்து வெளியே வந்துவிடும்! 7 புள்ளிக் குத்து சாதாரண நேரத்தில் 3 புள்ளியாகக் குறைந்துவிடும். அதே எலும்புக்கூட்டைக் கதாயுதத்தால் அடித்தாலோ, மந்திரவாதி நெருப்பை வீசினாலோ நொறுங்கிவிடும். எலும்புக்கூடுகள் வருகின்றன என்று தெரிந்த பிறகும் ஈட்டிக்காரர்களையே சேர்த்துக்கொண்டிருந்தால், பொன்னை ஆற்றில் போட்டதற்குச் சமம்.

குதிரைவீரன் விஷயம் இன்னும் வேடிக்கை. அவன் பாய்ந்து குத்தினால் அடி இரண்டு மடங்கு. பார்த்ததும் புதியவருக்கு வாயில் நீர் ஊறும். ஆனால் அவன் வாங்கும் அடியும் இரண்டு மடங்கு! ஈட்டிக்காரன் மேல் அவனைப் பாயவிட்டால், 7 புள்ளிக் குத்து 14 ஆகிவிடும். குதிரைக்கு ஈட்டி ஆகாது என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் கூடும். குதிரைவீரனுக்கு உயிர்ப்புள்ளி 38. மூன்று குத்தும் பட்டால் அவன் பிழைக்கமாட்டான். அதுவும், யார் பாய்ந்து வந்தாலும் முதல் குத்து ஈட்டிக்காரனுடையதுதான் என்பது அவனுக்குத் தரப்பட்ட தனிச் சலுகை. குதிரைவீரனை வில்லாளியின் மேலும், சூனியச் சீடன் மேலும் பாயவிடுவதே புத்திசாலித்தனம்.

"கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது!"

இந்த ஆட்டம் ஆடுகிற வீட்டில் இந்தக் கூக்குரல் கேட்காமல் இருக்காது. "அப்பா, மூன்று குத்தும் தவறிவிட்டது! இது ஏமாற்று!" என்று பையன் கத்துவான். ஆட்டத்தை ஆக்கியவர்கள் காதிலும் இந்தப் புகார் பல வருஷமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏமாற்று இல்லை. கணக்குத்தான்.

வெட்டவெளியில் நிற்கிற எதிரியை ஈட்டிக்காரன் குத்துகிறான். 100-க்கு 60 படும். அப்படியானால் ஒரு குத்து தவறுவதற்கு 100-க்கு 40. மூன்றும் தவறுவதற்கு? 1,000 தடவையில் 64 தடவை. அதாவது, ஏறக்குறைய 16 தடவைக்கு ஒரு தடவை மூன்றும் தவறியே தீரும். ஒரு சண்டையில் எத்தனையோ முறை குத்துகிறோம். இரண்டு மூன்று தடவையாவது இப்படி நடக்காமல் இருக்குமா?

எதிரி மலை மேல் நின்றால் இன்னும் மோசம். 100-க்கு 40 தான் படும் என்று வைத்துக்கொண்டால், மூன்று குத்தும் தவறுவது 1,000-க்கு 216 தடவை. ஐந்தில் ஒன்று!

பட்ட குத்துகளை மனசு மறந்துவிடுகிறது. தவறிய குத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. சந்தேகம் உள்ளவர்களுக்காக ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கணக்குப் பட்டியல் உண்டு. எவ்வளவு சேதம் செய்திருக்கவேண்டும், உண்மையில் எவ்வளவு செய்தோம் என்று அது காட்டும். கோபம் வந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். பல சமயம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

அனுபவசாலிகள் அதிர்ஷ்டத்தைத் திட்டுவதில்லை. அதற்கு இடம் விட்டு ஆடுகிறார்கள். "இந்தக் குத்து பட்டால்தான் என் ஆள் பிழைப்பான்" என்ற நிலைக்கு அவர்கள் போவதே இல்லை. ஒருவன் குறி தவறினால் முடிக்க இரண்டாவது ஆளைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இரண்டாவது ஆளும் தவறினால் என்ன செய்வது என்பதையும் முதல் ஆளை நகர்த்துவதற்கு முன்பே யோசித்திருப்பார்கள்.

மந்திரவாதியின் அருமையும் இங்கேதான் தெரியும். அவருடைய மந்திரம், எதிரி மலையில் நின்றாலும் காட்டில் நின்றாலும், 100-க்கு 70 படும். ஆனால் உடம்பில் பலம் இல்லாதவர். எதிரியின் கைக்கு எட்டும்படி விட்டால் ஒரே முறையில் போய்விடுவார். அடித்துவிட்டு ஒளிகிற ஆள் அவர்.

குறி தவறும்போதெல்லாம் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடுகிறவர்களும் உண்டு. ஒரு பெரிய தவறுக்கு ஒரு தடவை அப்படிச் செய்தால் பிழையில்லை, கற்றுக்கொள்கிற காலம்தானே. ஒவ்வொரு குத்துக்கும் அப்படிச் செய்தால் ஆட்டமும் ருசிக்காது, பாடமும் ஏறாது.

கடைசி அடி யாருடையது?

எதிரி சாகக் கிடக்கிறான். பக்கத்தில் மூத்த வீரன் ஒருவன், புதிய வீரன் ஒருவன். யார் முடிப்பது?

புதியவர் மூத்தவனைத்தான் அனுப்புவார். நிச்சயமாக முடித்துவிடுவான் என்ற நம்பிக்கை. அது கைக்கு எட்டிய லாபத்தை விடுவது. முதல் நிலை எதிரியோடு சண்டை போட்டாலே 1 அனுபவப் புள்ளி கிடைக்கும். அவனைக் கொன்றவனுக்கு 8 புள்ளி! இரண்டாம் நிலை எதிரியைக் கொன்றால் 16. மேல் நிலைக்கு உயர அதிகப் புள்ளி தேவைப்படாத இளம் வீரனுக்கு அந்தக் கடைசி அடியைக் கொடுக்கவேண்டும். உயர்ந்த அந்தக் கணமே அவனுடைய காயம் எல்லாம் ஆறி முழுப் பலத்தோடு எழுந்து நிற்பான்!

பால் மணம் மாறாத பையன்களுக்குக் கடைசி அடியைக் கொடுத்து வளர்த்தவரிடம் ஐந்தாவது சண்டையில் ஒரு நல்ல படை இருக்கும். எல்லாவற்றையும் தலைவனைக் கொண்டே முடித்தவரிடம் தலைவன் மட்டும்தான் இருப்பான்.

ஊர்களையும் விடக்கூடாது. ஓர் ஊரில் கால் வைத்தால் அது நம்முடையது. முறைக்கு முறை பொன் கொடுக்கும். காயம்பட்டவன் அங்கே தங்கினால் ஒவ்வொரு முறையும் 8 புள்ளி தேறுவான். தூரத்து ஊர்களைப் பிடிக்க வேகமாக ஓடும் குதிரைக்காரன் ஒருவன் போதும்.

எங்கே தொடங்குவது?

முதலில் பயிற்சி ஆட்டம் ஒன்று இருக்கிறது. கொன்ராட் என்ற வாலிபனாகவோ, லிசார் என்ற இளவரசியாகவோ ஆடலாம். டெல்ஃபடார் என்ற கிழ மந்திரவாதி குருவாக நின்று சொல்லிக் கொடுப்பார். முதல் எதிரி ஒரு பயிற்சிப் பொம்மைதான். பயப்படவேண்டாம்!

அதன் பிறகு "இரு சகோதரர் கதை" என்ற தொடர். நான்கே சண்டைகள். ஒருவனைத் தீய மந்திரவாதி பிடித்துக்கொண்டு போகிறான். உடன்பிறந்தவன் மீட்கப் புறப்படுகிறான். அதை முடித்தவர் "தெற்குக் காவல்" என்ற தொடருக்குப் போகலாம். தெற்கு எல்லைப் படையிலிருந்து சேதி வருவது நின்றுவிடுகிறது. என்ன ஆயிற்று என்று பார்த்துவர டியோரன் என்ற இளம் வீரனை அரசர் அனுப்புகிறார். இரண்டும் புதியவர்களுக்காகவே அமைந்தவை. எளிதான படியில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பொறுமை வேண்டும் என்று சொன்னதற்காக ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடவும் முடியாது. பெரும்பாலான சண்டைகளுக்கு இத்தனை முறைக்குள் முடிக்கவேண்டும் என்று ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் தோல்வி. சீக்கிரம் முடித்தால் பொன் கூடுதலாகக் கிடைக்கும். அதில் ஒரு பங்கு அடுத்த சண்டைக்கு வரும். ஆகவே ஆட்டம் தொடங்கியதுமே, கெடுவுக்குள் எத்தனை பகல் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. 24 முறை என்றால் 4 பகல். முதல் பகல் நடப்பதற்கே போய்விடும். மிச்சம் மூன்று பகலில் சண்டையை முடிக்கவேண்டும்.

தவறான கட்டத்தில் ஆளை நகர்த்திவிட்டால் அதை வாபஸ் வாங்க ஒரு விசை உண்டு. ஆள் பழைய இடத்துக்கே வந்துவிடுவான். புதியவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாள் உறையை விட்டு வெளியே வந்து ஒரு தடவை வீசிய பிறகு அந்த விசை வேலை செய்யாது.